ஆசிரியருக்குக் கடிதம்: அந்தச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சியோல் நகரின் தெரு ஃபேஷன் பற்றி வந்த கட்டுரையை, அதே சியோலில் மகளின் அறையில் உட்கார்ந்து செல்பேசியில் படித்தேன். படங்கள் அழகு. எந்தத் தெருவில் அகலக் கால் பேண்ட் கிடைக்கும், எந்தக் கடையில் மலிவு என்பதெல்லாம் இருந்தது. ஆனால் 27 வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு ஒன்று உறுத்தியது. உடைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய கட்டுரையில், அவற்றைத் தைத்தவர் ஒருவர்கூட வரவில்லை. வந்து ஐந்து வாரமாக நான் பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் இங்கே முதுகலை படிக்கிறாள். ரவிக்கை தைத்துத்தான் அவளைப் படிக்க வைத்தேன். வந்த முதல் சனிக்கிழமையே என்னை ஹோங்டேவுக்குக் கூட்டிப் போனாள். ஹோங்கிக் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுருக்கித்தான் அந்தப் பகுதியை அப்படிக் கூப்பிடுகிறார்கள். ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் பேர்போன கல்லூரி அது. மெட்ரோவின் 2-ஆம் பாதையில் இறங்கி 9-ஆம் எண் வாசலில் ஏறினோம். படிக்கட்டிலேயே நெரிசல், மேலே வந்ததும் தெருவெங்கும் பிள்ளைகள். ஒரு பக்கம் பாடுகிறார்கள், ஒரு பக்கம் ஆடுகிறார்கள். அதற்கு நடுவில் வாசலிலேயே கம்பி போட்டு உடைகளைத் தொங்கவிட்ட சின்னச் சின்னக் கடைகள். காலுறை 1,000 வொன், டி-சர்ட் 10,000 வொன் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது நிறம். கறுப்பு, வெள்ளை, சாம்பல், சந்தன நிறம், பழுப்பு. இவ்வளவு குறைந்த நிறங்களில் இத்தனை விதம் காட்ட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு பெண் தொளதொளவென்ற ஆண் கோட்டு போட்டு, அடியில் குட்டைச் சட்டை, தரையைத் தொடும் பேண்ட், மேலே ஒரு தொப்பி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் விசேஷம் இல்லை. நீளமும் குட்டையும், அகலமும் ஒடுக்கமும் எங்கே வரவேண்டும் என்ற கணக்கில்தான் அழகு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்த பிள்ளைகள். தெருவோரம் நின்று அரை மணி நேரம் பார்த்தேன்.

அப்புறம் அந்தச் சட்டை. இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஒரு கடையில், மார்பில் மெல்லிய மடிப்பு வைத்த க்ரீம் நிறச் சட்டை மகளுக்குப் பிடித்துவிட்டது. 28,000 வொன். கழுத்துப் பட்டியில் 'ஃப்ரீ சைஸ்' என்று இருந்தது. போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கூடாதென்று கடையில் வேலை பார்க்கும் பெண் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். முகப்பூச்சு துணியில் ஒட்டிவிடும் என்று சின்னக் கடைகளில் மேல்சட்டையைப் போட்டுப் பார்க்க விடுவதில்லையாம். பெரிய கடைகளில் முகத்தில் மாட்டிக்கொள்ள மெல்லிய உறை தருகிறார்கள். இங்கே அதுவும் இல்லை. தோளில் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது போல் தெரிந்தது. வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து போட்டால் தோள் சரி, மேல்கை பிடிக்கிறது, மார்புக்கு நேராகப் பொத்தான் இழுத்துக்கொண்டு திறக்கிறது. மறுநாள் அதே கடைக்குப் போனோம். மாற்றித் தர மாட்டோம், பணமும் திரும்பத் தர மாட்டோம் என்று கல்லா அருகே ஒட்டியிருந்த காகிதத்தை அந்தப் பெண் காட்டினாள். குனிந்து வணங்கி மன்னிப்பும் கேட்டாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. என் மகளைப் போலவே எங்கோ படித்துக்கொண்டு மாலையில் வேலை பார்க்கும் பிள்ளையாகத்தான் இருக்கும்.

திரும்பி வரும் வழியில் மகள், "எனக்குத்தான் கை குண்டு, அம்மா" என்றாள். அந்தச் சொல் அன்று இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. கொரிய பாணி உடை வாங்கப் போகும் நம் பெண் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் இப்படிச் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்களோ. அவர்களுக்காக இதை விளக்க வேண்டும்.

ஃப்ரீ சைஸ் என்றால் எல்லோருக்கும் சேரும் என்று அர்த்தம் இல்லை. ஒரே ஓர் அளவில் வெட்டியது என்றுதான் அர்த்தம். ஒரு மாடலை ஐந்து அளவில் போடவேண்டும் என்றால் துணியை வெட்ட ஐந்து காகித அச்சு (பேட்டர்ன்) வேண்டும், ஐந்து விதமாக வெட்ட வேண்டும், கடையில் ஐந்தையும் அடுக்க இடம் வேண்டும். நடுவில் உள்ள அளவு விற்றுப்போய் ஓரத்து அளவுகள் தேங்கும். ஒரே அளவாக வெட்டினால் அந்தக் கவலை கிடையாது. கொஞ்சமாகத் தைத்துக் கடையில் மாட்டிப் பார்க்கலாம். ஓடினால் உடனே இன்னும் போடலாம், ஓடாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. வாரத்துக்கு வாரம் புது மாடல் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஒரு அளவு முடிந்தவரை பல உடம்புக்குச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் தோளைத் தொங்கவிடுகிறார்கள், உடம்பை அகலமாக வெட்டுகிறார்கள், பேண்ட் இடுப்பின் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைக்கிறார்கள். தொங்கு தோளில் கை ஏற்றுவதும் சுலபம். வளைவில் சுருக்கம் கொடுத்து ஏற்ற வேண்டியதில்லை, தட்டையாக வைத்து ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம். தொளதொள பாணியும் ஃப்ரீ சைஸும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டுதான் நிற்கின்றன. ஆனால் மகள் வாங்கிய சட்டை போல உடம்போடு ஒட்டிய மாடலையும் ஃப்ரீ சைஸ் என்று தைக்கும்போது சங்கடம் வருகிறது. அது ஒல்லியான ஒரு பெண்ணின் அளவு, அவ்வளவுதான். சேராமல் போனால் குறை வெட்டில் இருக்கிறது, போடுகிறவரின் கையில் இல்லை.

இங்கே பெண்கள் அளவைச் சொல்வதற்கு 44, 55, 66, 77 என்று எண்கள் உண்டு. முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 1979-இல் கொரியா தன் மக்களின் உடல் அளவுகளை நாடு முழுக்க எடுத்தது. அன்றைய இளம்பெண்ணின் சராசரி உயரம் 155 சென்டிமீட்டர், மார்பளவு 85 சென்டிமீட்டர். இரண்டின் கடைசி எண்களையும் சேர்த்து 55. ஒரு சுற்றுப் பெரிதானால் 66, சிறிதானால் 44. அரசு அளவுமுறையில் இது இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் கடைக்காரர் வாயில் இன்னும் இருக்கிறது. ஃப்ரீ சைஸ் என்று தொங்குவது பெரும்பாலும் இந்த 55-ஐ ஒட்டித்தான். 66-க்கு மேல் உள்ளவர்கள் டேப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். போட்டுப் பார்க்க விடாத கடையிலும் அளந்து பார்க்க விடுகிறார்கள். மார்புச் சுற்றும் மேல்கைச் சுற்றும் பார்த்தால் போதும்.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வாங்கிய பொருளை 7 நாளுக்குள் திருப்பித் தர இந்த நாட்டுச் சட்டம் உரிமை தருகிறது. மனம் மாறிவிட்டது என்று சொன்னால்கூடப் போதும். கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே, மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். மொழி சிக்கல் என்றால் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணைக் கூப்பிடலாம், ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். சுற்றுலாவாக வந்தவர்கள் வரியைத் திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் ஒரே ரசீதில் 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

சரி, சட்டைக்கு வருகிறேன். மகளின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், உடை திருத்தித் தரும் கடை ஒன்று இருக்கிறது. கொரிய மொழியில் 'சூசொன்ஜிப்' என்கிறார்கள். கதவைத் தள்ளினால் ஒரு மிஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, சுவர் நிறைய நூல்கண்டு. 67 வயது அம்மா ஒருவர். மகள் அவரை 'இமோ' என்று கூப்பிடுகிறாள், அம்மாவின் சகோதரியைக் கூப்பிடும் சொல் அது. நமக்கு சித்தி, பெரியம்மா மாதிரி.

இமோ சட்டையை வாங்கியதும் முன்பக்கம் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திருப்பினார். நானும் அதைத்தான் செய்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் விரலை வைத்தோம், பக்கத் தையலில். பிரித்து விட உள்ளே துணியே இல்லை, பிசிறு வராமல் ஓவர்லாக் அடித்த ஓரம் தையலை ஒட்டி நின்றது. அவர் என்னைப் பார்த்து, தன் மிஷினைத் தட்டி, "மிசிங்?" என்றார். நான் "மிஷின்" என்றேன். ஓரத்தைக் காட்டி "ஓபாரோக்கு" என்றார். "ஓவர்லாக்" என்றேன். அவர்களுக்கு அந்தச் சொற்கள் ஜப்பான் வழியாக வந்தவையாம். எந்த வழியாக வந்தால் என்ன, என் மகள் மொழிபெயர்க்காமலே நாங்கள் பேசிக்கொண்ட இரண்டு சொற்கள் அவைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டையின் அடிமடிப்பு மட்டும் அகலமாக இருந்தது. அதைப் பிரித்து, அதில் கிடைத்த துணியில் அக்குளுக்கு இரண்டு பக்கமும் கண் வடிவில் ஒரு துண்டு வெட்டி வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேர வேலை. 8,000 வொன் கேட்டார். மகள் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேலே தூக்கினாள், எங்கும் பிடிக்கவில்லை.

வேலைக்கு நடுவில் இமோ தன் கதையைச் சொன்னார். 15 வயதில் டோங்டேமுன் சந்தையை ஒட்டிய தையற்கூடத்தில் 'சிதா'வாகச் சேர்ந்தாராம். சிதா என்றால் கைவேலைக்காரி. நூல் வெட்டுவது, பொத்தான் எடுத்துக் கொடுப்பது, துணி அடுக்குவது. மிசிங்கில் உட்கார மூன்று வருடம் ஆனதாம். "உடை எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் ஹோங்டே போகாதே, ராத்திரி டோங்டேமுன் போ" என்றார்.

செவ்வாய் இரவு 11 மணிக்குப் போனோம். மெட்ரோவை விட்டு மேலே வந்தால் வெள்ளி நிறத்தில் ஒரு மாபெரும் கட்டடம் வளைந்து கிடக்கிறது. கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்து 2014-இல் திறந்த வடிவமைப்பு மையம். அதற்கு முன்பு அங்கே விளையாட்டு மைதானம் இருந்ததாம். அதன் வெளித்தோல் முழுக்க 45,133 அலுமினியத் தகடுகள். வளைவுக்குத் தகுந்தபடி தனித்தனியாக வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். தையல் தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். சியோலின் பெரிய ஃபேஷன் காட்சிகள் நடப்பது அங்கேதான். உங்கள் கட்டுரையில் அந்தக் கட்டடத்தின் படமும் இருந்தது.

அதைக் கடந்து மறுபக்கம் போனால்தான் மொத்த வியாபாரக் கட்டடங்கள். கடைகள் இரவில் திறந்து விடியும்வரை நடக்கின்றன. தெருவோரம் மனித உயரத்துக்கு மூட்டைகள். வெளியூர்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் கடைக்காரர்கள், இணையக் கடைக்காரர்களுக்காகச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஆட்கள். இவர்களைச் 'சம்ச்சோன்' என்கிறார்கள், சித்தப்பா என்று அர்த்தம். ஒரு சம்ச்சோன் தோளில் மூட்டை, வாயில் ரசீது, கையில் செல்பேசி என்று மாடிப்படியில் ஓடுகிறார். கையால் எழுதும் அந்த ரசீதுக்கு 'ஜாங்க்கி' என்று பெயர். காசு கட்டியும் இன்னும் தைத்து வராத சரக்கு 'மிசோங்'. வடிவம் போட்டு, துணி எடுத்து, வெட்டி, தைத்து, கடையில் தொங்க நான்கைந்து நாள் போதுமாம். அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். சில்லறையாக ஒன்றிரண்டு கேட்டால் பெரும்பாலான கடைகளில் தர மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை, சும்மா நடந்தோம். ஹோங்டேவில் பார்த்த அதே மடிப்புச் சட்டை ஒரு கடையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

மறுநாள் காலை போனது இமோ சொன்ன இன்னோர் இடம், சந்தைக்குப் பின்னால் மேடேறும் சாங்சின்-தோங். செங்குத்தான சந்துகள். வீடு என்று நினைத்துப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் நான்கு மிஷின் ஓடுகிறது. சன்னல் வழியாக இஸ்திரி நீராவி குழாயில் வெளியே வருகிறது. வெட்டிய துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் மேலே போகின்றன, தைத்த உடைகளோடு கீழே வருகின்றன. ராத்திரி சந்தையில் தொங்கும் உடைகளில் எத்தனையோ இந்தச் சந்துகளில்தான் தைக்கிறார்கள். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த மூன்று பெண்களில் ஒருவருக்கும் 50 வயதுக்குக் கீழே இருக்காது. மூக்குக் கண்ணாடியும் இடுப்பில் ஒரு பட்டையும். இளம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு ஆடும் உடையை முதுகு வலிக்கு பட்டை கட்டிய பெண்கள் தைக்கிறார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வீட்டு வாடகை ஏறிய அளவுக்கு அது ஏறவே இல்லை என்று இமோ சொன்னார்.

இறங்கி வந்து சோங்கேசோன் ஓடைக்குப் போனோம். 2005-இல் மேம்பாலத்தை எடுத்துவிட்டு மீட்ட ஓடை அது. கரையோரம் நீளமாக நிற்பது பியோங்வா சந்தை, அமைதிச் சந்தை என்று பொருள். அங்கே ஒரு பாலத்தின் நடுவில் இடுப்பளவு வெண்கலச் சிலையாக ஓர் இளைஞர் நிற்கிறார். ஜியோன் தே-இல். இந்தச் சந்தைக் கட்டடத்தில் மிஷின் ஓட்டி, பிறகு கட்டிங் மாஸ்டர் ஆனவர். 1960-களில் இங்கே ஒரு மாடியின் உயரத்தை இரண்டாகத் தடுத்து, நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில் சின்னப் பெண்களை உட்கார வைத்து ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கியிருக்கிறார்கள். பசியோடு இருந்த அந்த சிதாப் பிள்ளைகளுக்குத் தன் பேருந்துக் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனவர் அவர். தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருப்பதைத் தானே தேடிப் படித்து, அதிகாரிகளிடம் மனுமேல் மனு கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. 1970 நவம்பர் 13-ஆம் தேதி, "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று முழங்கியபடி தீக்குளித்து உயிரை விட்டார். வயது 22. அதன் பிறகு அவருடைய தாயார் லீ சோ-சொன் 2011-இல் இறக்கும்வரை தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்தார். தொழிலாளர்களின் தாய் என்றுதான் இந்த நாடு அவரை அழைக்கிறது.

நான் அந்தச் சிலையின் கையைத் தொட்டுக் கும்பிட்டேன். இமோ 15 வயதில் வேலைக்கு வந்தது ஜியோன் தே-இல் இறந்து மூன்றாவது வருடம். முதல் நாளே பெரிய அக்காமார்கள் அவரைப் பற்றிக் காதோடு சொன்னார்களாம்.

ஆசிரியர் அவர்களே, கொரிய உடை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே மகளுக்கு இன்னொரு பேண்ட் வாங்கியிருக்கிறேன், 32,000 வொன், நல்ல தையல். உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை சியோல் ஃபேஷன் பற்றி எழுதும்போது, உங்கள் நிருபரை ஹோங்டேவின் 9-ஆம் வாசலோடு நிறுத்திவிடாமல் சாங்சின்-தோங் மேட்டுக்கும் அனுப்புங்கள். தைக்கிறவர் ஒருவரின் படத்தையாவது, அவர் சம்மதத்தோடு, அந்த இரண்டு பக்கத்துக்குள் போடுங்கள்.

வாங்கப் போகும் பிள்ளைகளும் காசு கொடுப்பதற்கு முன்னால் உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் பிரித்து விட அரை அங்குலமாவது துணி இருக்கிறதா, பொத்தான் துளையின் ஓரம் நெருக்கமாக அடித்திருக்கிறதா, கழுத்துப் பட்டியைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தத் துளைகள் இருந்தால், வேறு நாட்டில் தைத்த உடையின் பட்டியைப் பிரித்துவிட்டு 'கொரியாவில் தைத்தது' என்று மாற்றி வைத்திருக்கலாம். இங்கே அது சட்டப்படி குற்றம், சோதனை போட்டுப் பிடிக்கவும் செய்கிறார்கள். சாங்சின்-தோங் பெண்களின் கூலியைத் தின்பதும் அதுதான்.

எனக்கு ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளை மாலை இமோவின் கடைக்குப் போகிறேன். ரவிக்கையில் கை ஏற்றுவது எப்படி என்று காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மாதிரிக்கு என்னுடைய ஒரு ரவிக்கையைப் பிரித்துக்கொள்ளச் சொல்லி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
27 வருடமாகத் தையல் வேலை பார்க்கும் உங்கள் வாசகி,
தற்சமயம் சியோலிலிருந்து